எத்தனை மணிக்குப் பார்த்தார்?

"அப்ப எங்க அப்பா பொய் சொன்னாரா டீச்சர்?"

ஏழாம் வகுப்புப் பெண் கேட்டது. "அப்படி இல்லம்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த "உட்காரு" மூன்று மாதமாக எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இணையத்தில் தேடுவதையும் தேடியதைச் சரிபார்ப்பதையும் ஐந்து வாரமாக லேபில் சொல்லிக்கொடுத்து வந்தேன். முதலில் வந்து நிற்பதை அப்படியே நோட்டில் இறக்கும் பழக்கத்தை மாற்ற ஒரு விதியும் வைத்திருந்தேன்: மூன்று இடத்தில் ஒன்றுபோல இருந்தால்தான் எழுத வேண்டும். அவள் தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்திருந்தாள். கருவறைக்கு மேலே எழும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதி, மூன்று வலைப்பக்கங்களையும் குறித்திருந்தாள். நான்காவதாக, "என் அப்பா நேரில் பார்த்தார்" என்று ஒரு வரி. அப்பா சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். தஞ்சாவூருக்கு அவர் போகாத மாதம் இல்லை.

நான் என்ன செய்தேன்? காலை வெயிலில் கோயில் முற்றத்தில் நிழல் நீளமாகக் கிடக்கும் படம் ஒன்றைத் தேடி எடுத்துத் திரையில் போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

தவறான தகவலைத் திருத்தாமல் விட முடியுமா? முடியாது. நாற்பது நிமிட வகுப்பில் இன்னும் நான்கு குழுக்கள் காத்திருந்தன. இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது.

அன்று இரவு அந்த மூன்று பக்கங்களையும் திறந்தேன். மூன்றிலும் விமானத்தை, வாசல் மேல் நிற்பதற்கு உரிய "கோபுரம்" என்ற பெயராலேயே எழுதியிருந்தார்கள். மூன்றிலும் "சிற்ப்பம்" என்று அதே எழுத்துப் பிழை. ஒருவர் எழுதியதை மற்ற இருவரும் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் அவள் பார்த்தது மூன்று இடம் இல்லை, ஒரே இடம். ஆனால் என் விதிப்படி அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஐந்து வாரத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. தமிழில் தேடும் பிள்ளைக்கு இது இன்னும் சிக்கல். நம் கோயில்களைப் பற்றி ஒரே பத்தி ஊர் ஊராகச் சுற்றுவதுபோலப் பக்கம் பக்கமாகச் சுற்றுகிறது.

2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தகவல் சரிபார்ப்பாளர்கள், வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள் ஆகியோர் இணையதளங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தது. பேராசிரியர்கள்கூடப் பல நேரம் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ திறந்த பக்கத்திலேயே உட்காராமல், அதை நடத்துவது யார் என்று பார்க்க உடனே வேறு பக்கங்களுக்குப் போனார்கள். இதை முன்பே படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் "மூன்று இடம்" என்று எளிமையாக்கினேன். பன்னிரண்டு வயசுக்கு அது போதும் என்று நினைத்தேன். இப்போதும் அது முழுத் தவறு என்று சொல்ல மனசு வரவில்லை. அந்த விதியால்தான் பல பிள்ளைகள் இரண்டாவது பக்கத்தையே திறந்தார்கள்.

பக்கங்களை விடுங்கள். அந்த நான்காவது வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. விமானம் ஏறக்குறைய 216 அடி உயரம், மேலே போகப் போக ஒடுங்கும். கோடையில் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் மேலே நிற்கும்போது மேல்பகுதியின் நிழல் விமானத்தின் மேலேயே விழுந்துவிடும், தரைக்கு அநேகமாக வராது. வேன் மத்தியானம் போய்ச் சேர்ந்திருந்தால் அவர் பார்த்தது உண்மை. "எப்போதும் விழாது" என்பதுதான் பொய், அதுவும் அவர் உண்டாக்கியது இல்லை. "அப்பா எத்தனை மணிக்குப் பார்த்தாராம்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஐந்து வாரப் பாடம் அந்த ஒரு நிமிஷத்தில் நடந்திருக்கும். நேரில் பார்த்த ஒரே சாட்சியை நான் ஒரு படத்தால் அடித்து உட்கார வைத்தேன். அந்தப் படத்தை யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று நானும் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கோயில் கல்வெட்டிலேயே ராஜராஜன், தான் கொடுத்ததையும் அக்கன் (தமக்கை) கொடுத்ததையும் பெண்டுகள் (மனைவியர்) கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான். எது யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வைப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு எங்கே கிடைக்கும்? அதுவும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் "மூணு பக்கமும் ஒரே ஆள் எழுதினதா இருக்கலாம்" என்று பொதுவாகச் சொன்னேன். அவள் பெயரைச் சொல்லவில்லை. மறுபடி எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று. அது அக்கறையா, என் தவறை மறைத்ததா, தெரியவில்லை.

அவளுடைய அடுத்த நோட்டில் ஒரு பிழையும் இல்லை. எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தில் "பாடநூல்" என்று மட்டும் இருந்தது. பத்துக்குப் பத்து போட்டேன்.

அவள் அப்பா சில நாள் வேனிலேயே அவளைக் கொண்டுவந்து விடுவார். "வணக்கம் டீச்சர்" என்பார். பெரிய கோயிலுக்கு வழக்கமாக எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்று கேட்க வாய் வரை வரும். வகுப்பில், அவள் முன்னால் கேட்க வேண்டியதை வாசலில் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று "வணக்கம்ங்க" சொல்லி உள்ளே வந்துவிடுகிறேன்.