அண்ணனுக்கு என்ன வேண்டும்?

மார்ச் 4

பல வருடங்கள் பேசாமல் இருந்த தங்கை கடிதம் அனுப்புகிறாள். அண்ணன் பிரிக்கிறார், பாதி படித்ததும் கிழித்துப் போடுகிறார். கதை இங்கே நிற்கிறது. ஏன் கிழித்தார்? கோபம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கோபம் வெளியே தெரிவது. அவருக்கு வேண்டிய ஏதோ ஒன்று கிடைக்காமல் போனதால்தானே கோபம் வருகிறது? அது பிடிபடாமல் அடுத்த வரியை எழுத மனமில்லை.

மார்ச் 6

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியலை எடுத்துப் படித்தேன். நகை முதல் உவகை வரை 8 மெய்ப்பாடுகள். ஒவ்வொன்றும் எந்த 4 காரணங்களால் பிறக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறது. எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அதாவது உறுப்பை அறுப்பது, குடியை வருத்துவது, வைது அடிப்பது, கொல்வது. இதில் எதுவும் அண்ணனுக்கு நேரவில்லை. அழுகைக்குப் போனேன்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. முதல் சொல்லான இளிவிலேயே, அதாவது பிறரால் இகழப்படுவதிலேயே, ஆள் கிடைத்துவிட்டார். தங்கை தன்னைச் சிறுமைப்படுத்திவிட்டதாக அவர் நினைக்கிறார்.

அப்படியென்றால் கடிதத்தோடு ஒரு காசோலையும் இருந்திருக்க வேண்டும். தங்கையைப் படிக்கவைக்க அவர் செலவழித்த பணம், கணக்குப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறது.

மார்ச் 9

ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, பாத்திரம் அந்தக் காட்சியில் எதை அடையப் பார்க்கிறது என்பதை வினைச்சொல்லாகச் சொல்லும்படி நடிகர்களுக்குக் கற்பித்தார். கதைக்கும் இது அப்படியே பொருந்துகிறது. 'அண்ணனுக்குப் பாசம் வேண்டும்' என்று எழுதினால் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட மாட்டார். 'தங்கை தன்னிடம் யோசனை கேட்கும்படி செய்ய வேண்டும்' என்று எழுதியதும் நடமாடத் தொடங்கினார். அவளுக்குத் தெரிந்தவர்களிடம் அவளைப் பற்றி விசாரிக்கிறார், கேட்காத புத்திமதியைச் சொல்லி அனுப்புகிறார்.

மார்ச் 10

இருவரின் சிறுவயதுக் கதையை எழுதி முடித்தேன். கதைக்குள் வராது. எனக்குத் தெரிந்தால் போதும்.

மார்ச் 13

இன்று முழுக்கத் தங்கையின் பக்கம். அவமதிக்க அவள் பணம் அனுப்பவில்லை. கடன்பட்டவளாக இல்லாமல், சமமாக நின்று அண்ணனோடு பேச ஆசைப்படுகிறாள். நெருங்கி வர அவள் எடுத்து வைத்த அடி, உறவை அறுப்பதாக அவருக்குப் படுகிறது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதால் சண்டைக்கு உயிர் வந்துவிட்டது.

சரி, இனி அவர் ஏதாவது ஒன்றை இழந்தாக வேண்டும். காசோலையை வங்கியில் போட்டால் தங்கை வருவாள், ஆனால் 'நான்தான் வளர்த்தேன்' என்ற உரிமை போய்விடும். போடாவிட்டால் உரிமை இருக்கும், அவள் வரமாட்டாள். கடிதத்தைக் கிழித்தவர் காசோலையை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் என்று மாற்றினேன். பணம் வந்து சேர்ந்ததா என்று அவள் கூப்பிட்டுக் கேட்கும் காட்சி நாளைக்கு.