ஊர்னெஷில் இரண்டாவது புத்தாண்டு

அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சென்டிஸ் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர்னெஷ் கிராமத்துக்குப் போய் வந்தோம். சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் பக்கம். ஜனவரி 13 அங்கே பழைய புத்தாண்டுக்கு முந்தைய நாள்.

1582இல் போப் கிரிகோரி கொண்டுவந்த நாட்காட்டியை இந்தப் புரொட்டஸ்தாந்து மக்கள் நெடுங்காலம் ஏற்கவில்லை. பிறகு ஏற்றாலும் பழைய கணக்கை விட மனமில்லை. அதனால் டிசம்பர் 31 ஒரு தடவை, ஜனவரி 13 இன்னொரு தடவை!

அன்றைக்கு ‘கிளவுஸ்’ என்று சொல்லப்படும் வேடக்காரர்கள் விடியுமுன்பே பனியில் வீடு வீடாக வருகிறார்கள். சிலருக்கு உடம்பெல்லாம் வைக்கோலும் ஊசியிலைக் கிளைகளும், பார்க்கவே பயங்கரம். அழகு வேடக்காரர்களின் தலைப்பாரத்தைத்தான் நான் கண் எடுக்காமல் பார்த்தேன். மரத்தில் செதுக்கிய குட்டி மனிதர்கள், மாடுகள், கொட்டகை, சுற்றிலும் பாசிமணி வேலை. ஒரு கிராமத்தையே தலையில் சுமக்கிறார்கள்.

வாசலில் மணிகளைக் குலுக்கிவிட்டு வட்டமாக நின்று யோடல் பாடுகிறார்கள். வார்த்தையே இல்லாத பாட்டு, மெல்ல மெல்ல எழும்புகிறது. "மாட்டுமணியை நெஞ்சிலயும் முதுகிலயும் கட்டிக்கொண்டு எப்படியடா இப்பிடிப் பாடுகினம்?" என்றா அம்மா. பிறகு வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்து. முகமூடியைக் கழற்றாமல் குழாயால் வைன் குடிக்கிறார்கள்.

சுற்றுலாவுக்காகப் போடும் வேடம் இல்லை இது. வீட்டுக்காரருக்கான வாழ்த்து. பார்க்கப் போகிறவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், பாடும்போது பேசாதீர்கள். 13ஆம் தேதி ஞாயிறாக வந்தால் சனிக்கிழமையே நடக்கும்.