ஆகஸ்ட் 16 காலை

சுதந்திர தினம் வந்தாலே மனசு ரெண்டுபடுது. கொடி ஏறும்போது நெஞ்சு நிறையறது நிஜம். மறுநாள் பெங்களூரு அல்சூர் சாக்கடையோரம் பாலியஸ்டர் கொடிகள் சேற்றோடு ஒட்டிக் கிடக்கிறதப் பார்த்து வயிறெரியறதும் நிஜம்.

2021 டிசம்பர் 30-ல கொடி விதியைத் திருத்தினாங்க. அதுவரைக்கும் கையால நூற்று, கையால நெய்த துணிதான். இப்போ மெஷின்ல செஞ்ச துணியும் பாலியஸ்டரும் செல்லும். கொடி எல்லார் வீட்டுக்கும் வந்தது சந்தோஷம். ஆனா ஹூப்ளி பெங்கேரியில கதர்க்கொடி தைக்கிற பெண்களை நினைச்சா அந்தச் சந்தோஷம் முழுசா ஒட்டல.

அபார்ட்மென்ட்ல ஏத்துறவங்களுக்கு: அளவு 3:2, பால்கனிக்கு 900×600 மி.மீ. போதும். மடிக்கும்போது காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில மடிங்க, சக்கரம் மேல தெரியணும். காவி முனை மேல் கயிற்றில இருக்கான்னு ரெண்டு பேர் பார்க்கணும். அவசரத்துல இதைப் பார்க்காம விட்டாத்தான் கொடி தலைகீழாப் பறக்குது. மடிப்புக்குள்ள பூவிதழ் வைக்கலாம், விதியே அனுமதிக்குது. ஒரு கைப்பிடி உதிர்த்த இதழ் போதும். முழுப் பூ கனத்துல கீழ இறங்கி மடிப்பை அடைச்சுக்கும். இழுத்தா அவிழுற ஒற்றைச் சுருக்கு மட்டும் போடுங்க. பெங்களூரு தூறல்ல சணல் கயிறு ஊறி இறுகிடும், ரெட்டை முடிச்சு அவிழவே அவிழாது.

கிழிஞ்ச கொடியைக் குப்பையில போடக் கூடாது. தனியிடத்துல, முழுசா, மரியாதையா அழிக்கச் சொல்லுது விதி, முடிஞ்சா எரிச்சு. கதர் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு, உருகி, கருப்பாச் சொட்டும்.