ஈரக் கையும் தொடுதிரையும்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் இன்று காலை. மீன்கார அக்கா, பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியைப் பாலித்தீன் பையில் போட்டு, குடைக்கம்பியில் காதுக்கு நேராகக் கட்டியிருந்தார்.

"கீழ வெச்சா ஏலச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது பாப்பா. தண்ணியும் பட்டுடும்."

போனை அவர் தொடவே இல்லை. ஈரமும் செதிலும் பட்டால் திரை தன் இஷ்டத்துக்கு ஓடும். கடன் சொன்னவர்கள் கணக்கு மட்டும் இன்னும் மனசில்தான்.

நான் எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுகலை) படிக்கிறேன், பாடம் மனித மைய வடிவமைப்பு. இதற்கு ஐஎஸ்ஓ 9241-210 என்று ஒரு சர்வதேசத் தரநிலையே உண்டு. 2010இல் வந்தது, 2019இல் திருத்தினார்கள். பயன்படுத்துகிறவர், அவர் வேலை, அது நடக்கும் சூழல், இந்த மூன்றையும் புரிந்துகொண்டு தொடங்கு, செய்ததை அவரிடமே காட்டித் திருத்து என்கிறது.

வகுப்பில் எல்லோரும் இதை அழகாக ஒப்பிப்போம்.

அப்புறம் ஏசி அறையில் சுவர் முழுக்க வண்ணத் தாள் ஒட்டி, காய்ந்த கைகளுக்காகவே திரை வரைவோம். ஏலச் சத்தம் எந்தத் தாளிலும் ஏறாது. (இதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும், அது வேறு கதை.)

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் எம்.டெஸ். சேர மும்பை ஐஐடி நடத்தும் சி.இ.இ.டி. நுழைவுத் தேர்வுக்குப் படம் வரைந்து பழகுகிறான். சரி, அதுவும் வேண்டியதுதான். கூடவே, கடலூர் பேருந்து நிலையத்தில் வெளியூர்க்காரர்கள் புதுச்சேரி பஸ்ஸை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், முதலில் யாரிடம் கேட்கிறார்கள் என்று நின்று பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.