புத்தக இருப்பும் சரக்கு இருப்பும்

பெங்களூரிலிருந்து மகன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தான். "நல்ல நர்சிங் ஹோமா பாருங்கப்பா" என்றான். கட்டிலில் கிடந்த அத்தை தலையைத் திருப்பி, "யாருக்குய்யா பிரசவம்?" என்று கேட்டாள்.

நம்ம பக்கத்தில் நர்சிங் ஹோம் என்றால் பிள்ளை பெறுகிற இடம்தானே. வயசானவர்களை விடுகிற இடம் முதியோர் இல்லம். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக யாரும் சத்தமாகச் சொல்லாமல் இருந்தோம். அன்றைக்கு அத்தை கேட்டதும் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு மறைக்கவும் முடியவில்லை, சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தவள், "சோறு குழைய வடிப்பாவளா?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தை என் அப்பாவின் கூடப் பிறந்தவள். வயது 82. பிள்ளை இல்லை, மாமா போய் முப்பது வருஷம் ஆகிறது. கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருந்தாள். போன ஐப்பசியில் பொறவாசல் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து பாளையங்கோட்டைக்கு எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிக்கு ஒரு பிள்ளை வந்து போனாள், அவளைக் குறை சொல்ல முடியாது. ஆள் வைத்தும் பார்த்தோம். முதல் ஆள் 11 நாள் தாங்கினாள், அடுத்தவள் பொங்கலுக்கு ஊருக்குப் போனவள்தான். அத்தையைப் புரட்டிப் புரட்டி என் மனைவிக்கு முதுகில் பெல்ட் போடும்படி ஆனது. ஒருநாள் இரண்டு அறையிலும் இரண்டு பேர் படுத்திருக்க, நடுவில் நான் வெந்நீர் பாத்திரத்தோடு நின்றேன்.

அம்பாசமுத்திரத்துச் சித்தப்பாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. "சொத்து மட்டும் இனிக்கோ?" என்றார். பிள்ளை இல்லாத மூத்தவர்களின் சொத்து எந்தச் சொந்தக்காரருக்குப் போகுமோ, அவர்தான் அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்று 2007-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. கல்லிடைக்குறிச்சி வீட்டை அத்தை என் பேருக்குத்தான் உயில் எழுதியிருக்கிறாள். ஆக, சித்தப்பா சொன்னது சரி. ஆனால் பராமரிப்பது எந்தக் கூரைக்குக் கீழே என்று அதில் நான் எங்கும் பார்க்கவில்லை.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கூட்டுறவுத் தணிக்கையில் 31 வருஷம் இருந்தேன். ரேஷன் கடை, வேளாண்மைச் சங்கம், உரக் கிட்டங்கி. புத்தகத்தில் ஓர் இருப்பு இருக்கும், தரையில் ஓர் இருப்பு இருக்கும். இரண்டையும் ஒத்துப்பார்ப்பதுதான் வேலை. மூட்டையைச் சுற்றிவர அடுக்கிவிட்டு நடுவில் காலியாக விடுகிற வித்தையெல்லாம் எனக்குப் பழக்கம். அடுக்கின் மேல் ஏறி நடுவில் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஒருவர், ஓய்வு பெறுகிற மாதத்தில் மெமோ வாங்கினார்.

முதலில் பார்த்தது நாலு வழிச் சாலை ஓரத்தில் புதுக் கட்டடம். பளிங்குத் தரை, வரவேற்பறையில் மீன் தொட்டி, பதிவுச் சான்றிதழ் கண்ணாடிக்குள். அது சுற்றிவர அடுக்கிய மூட்டை. உள்ளே ஃபினாயில் வாடை கண்ணை எரித்தது. மூத்திர வாடை லேசாக இருந்தால் ஆட்கள் இருக்கிறார்கள், வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஃபினாயில் வாடை மட்டுமே இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

"இங்க யாராவது விழுந்திருக்காங்களா?" என்று கேட்டேன். "ஒருத்தர்கூட விழுந்ததில்ல சார், ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு." நாற்பது கிழடுகள், மூன்று வருஷம், ஒரு விழுகையும் இல்லை. எலி திங்காத கிட்டங்கி எங்கேயாவது உண்டா? ஒன்று, விழுந்ததை எழுதவில்லை. இல்லையென்றால் யாரையும் எழுந்திருக்கவே விடவில்லை. உள்ளே போனதும் தெரிந்தது. இரண்டு கட்டில்களில் மணிக்கட்டைத் துணியால் கம்பியோடு கட்டியிருந்தார்கள். "டியூபைப் பிடுங்கிருவாங்க சார்" என்றாள் கூட வந்த பெண். பிடுங்குவார்கள்தான், தெரியும். ஆனால் கட்டினால் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அவிழ்க்கிறீர்கள், எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை, படுக்கைப் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு கட்டிலிலும் அட்டை மாட்டி, மணிவாரியாகக் கட்டம் போட்டிருந்தார்கள். பழைய புத்தி, அட்டையைக் கையில் எடுத்தேன். எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. என் கைக்கடிகாரத்தில் மணி ஐந்தாகக் கால் மணி நேரம் இருந்தது. அட்டையில் ஆறு மணிக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. கட்டணம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

இரண்டாவது இடம் நல்ல இடம். ஆனால் தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களைத்தான் எடுப்பார்கள், படுக்கையில் விழுந்தவர்களை எடுப்பதில்லை. நம்ம ஊரில் பல இல்லங்களின் விதி இதுதான். போனில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள், பெட்ரோல் மிச்சம்.

மூன்றாவதை எனக்குச் சொன்னவர் மருந்துக்கடை அண்ணாச்சி. "டயபர் அதிகமா வாங்குத எடம் அதுதான் சார்" என்றார். அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. டயபர் விலைக்குப் பயந்து ஒன்றையே ராத்திரி முழுக்க ஊறவிடுகிற இடங்கள் இருக்கின்றன. அதைவிட மோசம், அடிக்கடி நனைக்கிறார்கள் என்று தண்ணீரையே குறைத்துவிடுவது. கட்டில் பக்கத்தில் தண்ணீர் இருந்தால் போதாது, கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆளை நாக்கை நீட்டச் சொல்ல வேண்டும். வறண்ட நாக்கு பொய் சொல்லாது.

பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் பழைய வீடு அது. 14 பேர். தரை சிவப்புச் சிமெண்டு, அங்கங்கே வெடிப்பு. சுவரில் வெள்ளையடித்து நாளாயிற்று. என் மனைவி வாசலிலேயே முகத்தைச் சுளித்தாள்.

அங்கே மூலையில் ஒரு மேடைத் தராசு கிடந்தது. எங்கள் ரேஷன் கடைகளில் கிடக்குமே, அதே சாதி. அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஆளை உட்கார வைத்து, நாற்காலியின் எடையைக் கழித்துக்கொள்கிறார்கள். மாதம் ஒருமுறை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். வெவ்வேறு பேனா, அடித்தல் திருத்தல், ஓர் இடத்தில் குழம்புக் கறை. பார்த்துக்கொள்கிற சிஸ்டர் தானாகவே, "இந்த ஆச்சி ரெண்டு கிலோ குறைஞ்சிருக்காவ சார், பல்செட்டு லூசாயிட்டு, அதான் மெல்லாம முழுங்குதாவ. டாக்டர வரச் சொல்லிருக்கு" என்றாள். குறைவைத் தானே எடுத்துச் சொல்கிற கடைக்காரரை என் சர்வீஸில் நான் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

விழுந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். போன மாதம் ஒருவர், அதற்கு முன் சித்திரையில் ஒருவர், ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம் என்றார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது என்ன செய்தீர்கள் என்றும் கேட்டேன். தாமிரபரணி கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸையே சுற்றி வளைத்த அந்த நாட்கள். இவர்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, கரண்டுதான் இல்லை. கரண்டு போனால் காற்று மெத்தை சுருங்கிவிடும், ஃபிரிஜ்ஜில் இன்சுலின் சூடாகிவிடும். "மெத்தையத் தூக்கிட்டுப் பழைய சேலையை மடிச்சுப் போட்டோம், மணிக்கு ஒருதரம் பெரட்டினோம். இன்சுலினை ஈரத்துணி சுத்தின மண்பானைல வச்சோம்" என்றாள் சிஸ்டர். யோசித்துச் சொன்ன பதில் இல்லை, செய்த கை சொன்ன பதில்.

பகலில் பார்த்தது பாதிதான். வ.உ.சி. மைதானத்துக்கு நடக்கப் போகிற வழியில், ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டினேன். திறந்த அக்காவின் கையில் உறை, தோளில் துண்டு. உள்ளே இரண்டு கட்டில்களுக்கு நடுவில் தரையில் பாய் விரித்தபடி கிடந்தது. ராத்திரி அவள் படுத்த இடம். அந்தப் பாயைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன்.

அத்தையைக் கொண்டுவிட்ட அன்று நான் அழுதேனா என்று மகன் கேட்டான். அது இங்கே வேண்டாம்.

ஐந்து வாரம் கழித்து இல்லத்திலிருந்தே போன் வந்தது, அத்தைக்குப் பின்பக்கம் புண் வருகிற மாதிரி இருக்கிறது என்று. ஓடினேன். சிவந்திருக்கும் என்று தேடினால் ஒன்றும் தெரியவில்லை. சிஸ்டர் விளக்கினாள். படுக்கைப் புண் ஆரம்பத்தில் சிவக்கும், அமுக்கினால் வெளுக்காது என்று புத்தகத்தில் இருக்கும், ஆனால் நம்ம நிறத்துக்கு அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கருத்து, தொட்டால் சூடாகவோ கல் மாதிரியோ இருக்கும். என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினாள். ஆமாம், சூடு. அதோடு, எந்த வேளையில் திருப்பாமல் விட்டார்கள் என்பதையும் அவளே சொன்னாள். வியாழக்கிழமை ராத்திரி, ஓர் ஆள் வரவில்லை. கோபம் வந்தது, கத்தினேன். "அந்தப் பிள்ளைய வையாதய்யா" என்று அத்தை என்னைத்தான் அடக்கினாள். பத்து நாளில் அந்த இடம் பழைய நிறத்துக்கு வந்தது.

அதிலிருந்து எப்போது போனாலும் முதலில் போர்வையை விலக்கி அத்தையின் குதிகாலைப் பார்ப்பேன். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும். இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் வெவ்வேறு நேரத்தில் போய்ப் பார்க்கிறேன். "எங்க மருமவன் மொகத்தப் பாக்க மாட்டான், காலத்தான் பாப்பான்" என்று அத்தை பக்கத்துக் கட்டில் ஆச்சியிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த ஆச்சியைப் பார்க்க யாரும் வந்து நான் கண்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் அத்தையின் போர்வையை மூடுகிற நேரத்தில், அந்த ஆச்சி தன் இடது காலை மெல்ல வெளியே நீட்டினாள். "எனக்கும் பாத்துச் சொல்லுங்க சார்."

குனிந்து பார்த்தேன். குதிகாலில் ஒரு கருப்பு. சிஸ்டரைக் கூப்பிட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும். அவள் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்து வந்து, பக்கத்தைத் திருப்பி, என் கையில் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை தேதி போட்டு எழுதியிருந்தது: இடது குதிகால், கருப்பு, ஒரு ரூபாய் அளவு. சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து வைத்துப் பார்த்தேன். காசைச் சுற்றிலும் கருப்பு ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை.