சுழலும் நிழலுக்குள் ஓர் ஆழம்

வளைத்த கட்டுக்கம்பி ஒன்று, மொபைல் டார்ச், ஒரு வெள்ளைச் சுவர். இன்றிரவு பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். கம்பி அசையாதவரை நிழல் வெறும் கோட்டுக் கிறுக்கல்தான். மெல்லச் சுழற்றினால் அதே கிறுக்கல் முப்பரிமாணமாக எழுந்து நிற்கும். சுவரும் தட்டை, நிழலும் தட்டை. ஆழத்தைக் கட்டுவது நம் மூளை.

1953இல் உளவியலாளர்கள் ஹான்ஸ் வாலக்கும் ஓ'கானலும் இதைத் திரையில் நிழல் விழவைத்துச் சோதித்தார்கள். 1979இல் பார்வை குறித்து ஆராய்ந்த ஷிமோன் உல்மன் கணக்குப்போட்டுக் காட்டியது இன்னும் வியப்பு. ஒரே தளத்தில் அமையாத நான்கு புள்ளிகள், அவற்றின் மூன்று வெவ்வேறு தோற்றங்கள், இவ்வளவே போதும்! பொருள் நெளியாத திடப்பொருள் என்று மட்டும் கொண்டால் வடிவத்தை மீட்டுவிடலாம். எது முன், எது பின் என்ற குழப்பம் மிஞ்சும். அதனால்தான் சில நேரம் நிழல் திடீரென எதிர்த்திசையில் சுற்றுவதாகத் தோன்றும். (அந்தக் கணம் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.)

நாம் நகர்ந்தாலும் ஆழம் தெரியும். சென்னை மந்தைவெளி தாண்டும்போது பறக்கும் ரயிலின் ஜன்னலோரம் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பக்கத்து மாடித் தண்ணீர்த்தொட்டி விருட்டென ஓடும், தூரத்துக் கட்டடம் நகரவே தயங்கும். இந்த வேக வித்தியாசமே தூரத்தைச் சொல்லிவிடுகிறது.

ஆழம் பார்க்க இரண்டு கண்ணும் வேண்டும் என்பது பாதி உண்மைதான். ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களுக்கும், தலையைச் சற்று அசைத்தால் எது அருகே, எது தொலைவில் என்று புலப்படும். இதைப் பள்ளியில் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.