லேசிக் செய்துகொள்ளும் முன் கேட்க வேண்டிய கணக்கு

கண்ணாடி இல்லாமல் பார்க்க லேசரால் செய்யும் கண் ஆபரேஷனான லேசிக் செய்யப் போறீங்களா? விலைக்கு முன்னால் கருவிழியின் (கார்னியா, கண்ணின் முன்புறத் தெளிவான படலம்) தடிமனைக் கேளுங்க. சராசரி 540 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). மேலே மூடிபோலத் திறக்கும் மெல்லிய அடுக்கான ஃபிளாப் சுமார் 110; அதற்கடியில் ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரானை லேசர் செதுக்கும். 500 மைக்ரான் கண்ணில் மைனஸ் 8 என்றால் மிச்சம் 278தான். 300க்குக் கீழே போனால் பல டாக்டர்கள் செய்ய மாட்டாங்க, அதுதான் சரி. மெலிந்த கருவிழி நாளடைவில் முன்னே பிதுங்கி, பார்வையையே கெடுத்துவிடும்.

கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தை மாற்றி, ஆபரேஷனுக்கு முன் கருவிழியை அளக்கும் ஸ்கேனையும் தப்பாக்கும். சாஃப்ட் லென்ஸைக்கூட இரண்டு வாரம் முன்பே கழற்றிடுங்க, ப்ளீஸ். ஆபரேஷன் முடிந்ததும் கண்ணைக் கசக்கவே கூடாது. ஃபிளாப் நகர்ந்து சுருக்கம் விழுந்திடும். தூங்கும்போது கண் கவசம் கட்டாயம். கண் வறட்சி சில மாதம் இருக்கும், சொட்டு மருந்தை நிறுத்தாதீங்க.